கல்யாணப் பத்திரிகை இருக்கிறது, சர்டிபிகேட் இல்லை: மாமனார் வீடு யாருக்கு?

குற்றாலத்து மருமகள்
2024 ஜூலை 14

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் மாமனார் தவறிவிட்டார். உயில் இல்லை. எழுதச் சொன்னால், "நான் என்ன தங்கச் சுரங்கமா வச்சிருக்கேன்?" என்று சிரித்து மழுப்பிவிடுவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அத்தை அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்றை இறக்கச் சொன்னார். உள்ளே வீட்டுப் பத்திரம், முப்பது நாற்பது வருஷத்து ரேட்ஸ் (வீட்டு வரி) பில்கள், எப்போதோ தவணை கட்டாமல் செத்துப்போன ஒரு இன்சூரன்ஸ் பாலிசி. எல்லாவற்றுக்கும் அடியில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. 1969, பெல்லேர் சாலை அம்பலவாணர் ஆலயம். கல்யாண சர்டிபிகேட்டை மட்டும் காணோம். கேட்டதற்கு அத்தை, "அப்போ யாரு பதிஞ்சா? குருக்கள் வந்தாரு, தாலி கட்டுனாரு, சாப்பாடு போட்டாங்க, அவ்வளவுதான்" என்றார்.

இங்கே சாட்ஸ்வொர்த்தில், வெஸ்ட்கிளிஃபில் இருக்கும் அந்த வீடுதான் சொத்து. மாநகராட்சியிடம் தவணையில் வாங்கியது, மாமனார் பெயரில் மட்டும் இருக்கிறது. இன்றைய விலை ஒன்பதரை லட்சம் ரேண்ட் இருக்கும் என்கிறார்கள். (எனக்கு இன்னும் லட்சத்தில்தான் கணக்கு வரும்.) பேங்கில் 40,000. பிள்ளைகள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் மூத்தவர், நாங்கள்தான் அத்தையோடு இருக்கிறோம். நாத்தனார் டர்பனிலேயே பீனிக்ஸில். கொழுந்தன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில்.

ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போனோம். முன்னால் இருந்த பெண், சர்டிபிகேட் இல்லையென்றால் சட்டப்படி அத்தை மனைவியே இல்லை, அந்த வீட்டில் தங்கியிருந்த ஒருவர், அவ்வளவுதான் என்றார். ஐம்பத்தைந்து வருஷம்! அத்தை அங்கே ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறியதும் தாலியை எடுத்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் அந்த ஆபீஸ் சொன்ன கட்டணம் 60,000 ரேண்ட்.

நான் கேட்க விரும்புவது இவ்வளவுதான். அத்தைக்கு உரிமை உண்டா இல்லையா? வீடு அத்தை பெயருக்கு வந்தால், அதை உயிரோடிருக்கும்போதே எங்களுக்கு கிஃப்டாக எழுதிவிடவேண்டும் என்கிறார், அதற்கு வரி உண்டா? இன்னொன்று, என் அப்பா ஊரில் நிலம் விற்ற பணத்தில் எட்டு லட்சம் ரூபாய் அனுப்புகிறேன், வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கட்டிக்கொள் என்கிறார். அதற்கும் இங்கே வரி கட்டவேண்டுமா?

ஒரு தப்பும் செய்துவிட்டோம். காரியச் செலவுக்கு மாமனார் கார்டில் 6,000 எடுத்துவிட்டார் இவர்.

ரோஸ் ஹில் ராமு
2024 ஜூலை 14

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்தத் தலைவலி வேறு மாதிரி. பரம்பரைச் சொத்துக்கு வரி இல்லை, ஆனால் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சிவில் சட்டம் இருக்கிறது. மூன்று பிள்ளை இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது, அப்பா நினைத்தாலும் தொடமுடியாது. மிச்சம் கால் பங்கைத்தான் இஷ்டப்பட்டவருக்கு எழுதலாம். எல்லாம் நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி முன்னால் நடக்கும். உங்கள் ஊரில் மூத்த மகனுக்கு மட்டும் என்று அம்மா எழுதிவிடமுடியுமா? ஆச்சரியமாக இருக்கிறது.

டீட்ஸ் ஆபீஸ் தாத்தா
2024 ஜூலை 15

மகளே, நான் மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பத்திரப்பதிவு வக்கீலிடம் முப்பத்துநாலு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை. தமிழ் ரெய்ஸ்தோர்ப் பாடசாலையில் படித்தது, பிழை இருந்தால் மன்னிக்கணும்.

முதலில் உங்கள் அத்தையிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் மனைவிதான். அந்தப் பெண் சொன்னது பழைய கதை. குருக்கள் கல்யாணப் பதிவு அதிகாரியாக இல்லாவிட்டால் அந்தக் கல்யாணம் 1961ம் வருஷத்து கல்யாணச் சட்டத்துக்குள் வராது, அது உண்மை. ஆனால் இதே டர்பன் உயர் நீதிமன்றத்தில் 2008ல் ஒரு வழக்கு வந்தது. உங்கள் அத்தை மாதிரியே இந்து முறைப்படி கட்டிக்கொண்டு, பதியாமல், உயிலில்லாமல் புருஷனை இழந்தவர். உயிலில்லாச் சொத்துச் சட்டத்தில் மனைவி என்று வரும் இடத்தில், ஒருத்திக்கு ஒருவன் என்று இந்து முறையில் மணந்தவரும் அடக்கம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. 2021 டிசம்பர் 31ல் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போய், கல்யாணமே செய்யாமல் நிரந்தரமாகச் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் பங்கு உண்டு என்றது. அப்படியிருக்க தாலி கட்டினவருக்கு இல்லையா?

அந்த மஞ்சள் பத்திரிகையைப் பத்திரமாக வையுங்கள். அது சாட்சி. மாலையோடு எடுத்த போட்டோ, கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த ஒரு பெரியவரின் சத்தியவாக்குமூலம், கோயிலிலிருந்து ஒரு கடிதம், இதையெல்லாம் சேருங்கள். மூன்று பிள்ளைகளும் இவர் எங்கள் அம்மா, அப்பாவின் மனைவி என்று எழுதிக் கையெழுத்திட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் பதியாததால் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வீடும் பேங்கும் சேர்ந்து 9,90,000. கடன், செலவு எல்லாம் 60,000 என்று வைத்தால் மிச்சம் 9,30,000. சட்டம் என்ன சொல்கிறது? மனைவிக்கு ஒரு பிள்ளைப் பங்கு, அல்லது 2,50,000 ரேண்ட், எது அதிகமோ அது. நாலாகப் பிரித்தால் 2,32,500 வருகிறது. அது குறைவு. அதனால் அத்தைக்கு 2,50,000. மீதி 6,80,000ஐ மூன்று பிள்ளைகள் பிரித்தால் ஆளுக்கு 2,26,666.

இதே அத்தை 1969ல் மேஜிஸ்திரேட்டிடம் போய் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை சொத்து இருவருக்கும் பொது. முதலில் பாதி, 4,65,000, அவருடையது. அது பரம்பரையே அல்ல. மிச்சப் பாதியிலிருந்து இன்னொரு 2,50,000. ஆக 7,15,000. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 71,666 மட்டும். ஒரு கையெழுத்துக்கு நாலு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் வித்தியாசம். என் மேஜையில் இதைப் பார்த்து அழுத விதவைகள் எத்தனையோ பேர். இதைப் படிக்கும் தம்பதிகள் யாராவது இன்னும் பதியாமல் இருந்தால் நாளைக்கே போங்கள்.

சரி, வழி இருக்கிறது. வயதுவந்த பிள்ளை தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அது நேரே அம்மாவுக்குப் போகும். உயிலில்லாச் சொத்துச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. மூன்று பேரும் விட்டுக்கொடுத்தால் வீடு முழுதும் அத்தைக்கு. அது நன்கொடையாகக் கணக்காகாது, வரியில்லை. வாரிசாக வருவதால் பத்திர மாற்று வரியும் இல்லை. பெர்த் தம்பி அங்கே ஒரு நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளிநாட்டிலும் செல்லும்படி அப்போஸ்டில் முத்திரை வாங்கி அனுப்பவேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் செல்லாது. சிரிக்காதீர்கள், அப்படியும் வந்திருக்கிறது.

இப்போது கிஃப்ட் விஷயம். தயவுசெய்து வேண்டாம். இங்கே நன்கொடை வரி கொடுப்பவர் தலையில். 2024 கணக்குப்படி வருஷத்துக்கு 1,00,000 ரேண்ட் வரை விலக்கு, அதற்குமேல் 20 சதவீதம். அத்தை ஒன்பதரை லட்ச வீட்டை எழுதிக் கொடுத்தால் எட்டரை லட்சத்துக்கு 20 சதவீதம், 1,70,000 ரேண்ட். கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டவேண்டும். அவர் கட்டாவிட்டால் வரித்துறை, அதாவது சார்ஸ், உங்களிடமும் வசூலிக்கும். ஓய்வூதியம் வாங்கும் ஆயாவிடம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஏது? குறைந்த விலைக்கு விற்றதாகக் காட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வித்தியாசத்தையும் நன்கொடை என்றே பிடிப்பார்கள்.

அதே வீட்டை உயிலில் எழுதி வைத்தால்? எஸ்டேட் டியூட்டி என்ற இறந்தவர் சொத்து வரிக்கு 35 லட்சம் ரேண்ட் வரை விலக்கு. அத்தை சொத்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சொந்தக் குடியிருப்பு என்பதால் மூலதன லாப வரியும், 2024 கணக்குப்படி, 20 லட்சம் வரை லாபத்துக்குக் கிடையாது. ஆக வரி பூஜ்யம். எக்ஸிகியூட்டர், அதாவது சொத்தைத் தீர்த்துப் பிரித்துக் கொடுப்பவர், அவருடைய கட்டணம்தான் செலவு. கோடீஸ்வரனுக்குத்தான் உயிரோடு கொடுப்பதில் கணக்கு உண்டு. நம் மாதிரி ஒற்றை வீட்டுக்காரருக்கு உயில்தான் மலிவு.

எக்ஸிகியூட்டர் கட்டணம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம், வாட் பதிந்தவரானால் அதன்மேல் 15 சதவீதம் வாட். உங்கள் கணக்கில் 34,650, வாட் சேர்த்து 39,847. அறுபதாயிரம் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பத்திரம் மாற்றும் கட்டணம் தனி, அதைச் சேர்த்துச் சொன்னாரோ என்னவோ. 3.5க்குக் கீழே பேரம் பேசலாம், பேசுங்கள். உங்கள் வீட்டுக்காரரையே எக்ஸிகியூட்டராக நியமிக்கச் சொல்லி, வக்கீலை உதவிக்கு வைத்துக்கொண்டால் இன்னும் குறையும். மகன் என்பதால் பிணைத்தொகை பொதுவாகக் கேட்கமாட்டார்கள்.

இறந்த 14 நாளுக்குள் உயர் நீதிமன்ற மாஸ்டரிடம் (இறந்தவர் சொத்துகளை மேற்பார்க்கும் அதிகாரி) தெரிவித்திருக்கவேண்டும். இரண்டு மாதம் போய்விட்டது. யாரும் ஜெயிலில் போடமாட்டார்கள், ஆனால் இந்த வாரமே போங்கள். சொத்து 2,50,000க்கு மேல் என்பதால் அதிகாரக் கடிதம் மட்டும் போதாது, எக்ஸிகியூட்டர் கடிதமே வாங்கவேண்டும். அந்த கார்டை இனி தொடவேண்டாம். காரியச் செலவு சொத்தின் கடன்தான், ரசீதுகளை வைத்திருந்தால் அந்த ஆறாயிரத்துக்குக் கணக்குக் காட்டலாம்.

அப்பா பணத்துக்கு இங்கே வரியில்லை. கொடுப்பவர் இந்த நாட்டுக்காரர் இல்லை, நன்கொடை வரி இந்த நாட்டில் வசிப்பவருக்குத்தான். வாங்கும் உங்களுக்கு அது வருமானமும் இல்லை. பேங்கில் என்ன பணம் என்று கேட்பார்கள், கிஃப்ட் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

ராமு தம்பிக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் உயில் எழுதுபவர் இஷ்டம். மூத்தவனுக்கு மட்டும் எழுதலாம், நாய் காப்பகத்துக்கும் எழுதலாம். வாழ்க்கைத்துணையும் சின்னப் பிள்ளைகளும் பராமரிப்புக்குக் கோரலாம், அவ்வளவுதான்.

வெருலம் வாத்தியார்
2024 ஜூலை 15

அந்த வக்கீல் ஆபீஸ் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை, வரலாறு தெரியவில்லை, பாவம். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு சொன்னார். ஒரே நாளில் நம் பாட்டிமார் எல்லாரும் வைப்பாட்டி ஆகிவிட்டார்கள் என்று பேச்சு. அந்த அவமானம்தான் வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களைச் சிறைக்குப் போகவைத்தது. தில்லையாடி வள்ளியம்மை ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பிள்ளை. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு கிடந்து, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ல் போய்விட்டாள். பதினாறு வயது. அந்த வருஷமே நிவாரணச் சட்டம் வந்து கல்யாணத்தைப் பதிய வழி செய்தது. வழி இருந்தும் நம் ஜனம் பதியவில்லை, அது வேறு விஷயம். கோயிலில் நடந்தால் போதாதா, வெள்ளைக்காரன் முத்திரை எதற்கு என்ற வைராக்கியம் என் தாத்தாவுக்கும் இருந்தது.

உங்கள் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

குற்றாலத்து மருமகள்
2024 ஜூலை 21

தாத்தா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது. நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். மனைவிதான் என்ற வரி வந்தபோது, "அதை இன்னொரு தரம் படி" என்றார். 2,50,000 கணக்கெல்லாம் அவர் காதில் விழவில்லை.

மாஸ்டர் ஆபீஸில் தெரிவித்துவிட்டோம். அப்பாவிடமும் பேசினேன். ஊரில் எங்கள் ஆடிட்டர், 2024 விதிப்படி ஒரு நிதியாண்டில் ஏழு லட்சம் ரூபாய்க்குமேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மேலே போகும் தொகைக்கு 20 சதவீதம் பேங்கிலேயே பிடிப்பார்கள், பிறகு ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்றாராம். அதனால் இப்போது ஏழு, மிச்சம் ஒன்று ஏப்ரலுக்கு அப்புறம். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை, அரசாங்கத்தை ஜெயித்த மாதிரி.

உயில் வேலையையும் முடித்துவிட்டேன்! ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் போனில் இருக்கும்போதே, அத்தை சொல்லச்சொல்ல நானே இங்கிலீஷில் கையால் எழுதினேன். வீடு மூத்த மகனுக்கு என்று. அத்தை தமிழில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நானும் பக்கத்து வீட்டு அக்காவும். எல்லாம் சரிதானே?

டீட்ஸ் ஆபீஸ் தாத்தா
2024 ஜூலை 21

ஐயோ மகளே. கிழித்துப் போடுங்கள் அதை.

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் ஒன்றும் கிடைக்காது. அவருடைய புருஷனுக்கோ மனைவிக்கோ கூட கிடைக்காது. தன் கையால் உயிலை எழுதிக் கொடுத்தவருக்கும் அதே கதி. நீங்கள் எழுதவும் செய்தீர்கள், சாட்சியும் போட்டீர்கள். ஒரே காகிதத்தில் உங்கள் வீட்டுக்காரரை இரண்டு தடவை வெட்டியிருக்கிறீர்கள்! கோர்ட்டுக்குப் போய் எந்த வற்புறுத்தலும் இல்லை என்று நிரூபித்தால் காப்பாற்றலாம். இல்லையென்றால், உயிலே இல்லாதபோது என்ன கிடைத்திருக்குமோ அந்த மகன் பங்கு, மூன்றில் ஒன்று, அதற்குமேல் அவருக்கு வராது. முழு வீடு என்ற எண்ணம் போச்சு.

செய்யவேண்டியது இது. சொத்தில் சம்பந்தமே இல்லாத இருவர், 14 வயதுக்கு மேற்பட்டவர், ஒரே நேரத்தில் அறையில் இருக்கவேண்டும். அத்தை அவர்கள் முன்னால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடவேண்டும், கடைசிப் பக்கத்தில் எழுத்து முடியும் இடத்திலும். தமிழ்க் கையெழுத்து செல்லும், அது கையெழுத்துதானே. கைநாட்டாக இருந்தால்தான் உறுதிமொழி ஆணையர் வரவேண்டும். அச்சடித்து எடுத்து வாருங்கள். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அந்த நேரம் அறையில் இல்லாமலிருப்பது நல்லது. அது சட்டமில்லை, நாளைக்கு நாத்தனார் பக்கத்து வக்கீல் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வசதி.

பீனிக்ஸ் அக்கா
2024 ஜூலை 22

எல்லாரும் மருமகள் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் நாத்தனார் பக்கத்திலிருந்து சொல்கிறேன். (அந்த நாத்தனார் நானில்லை, பீனிக்ஸில் நிறையப் பேர் இருக்கிறோம்.)

எங்கள் அப்பா போனபோது இதே யோசனைதான் சொன்னார்கள். அம்மாவுக்காக விட்டுக்கொடு, அம்மாவுக்குப் பிறகு எல்லாருக்கும் சமமாக வரும் என்று. பதினாறாம் நாள் சாப்பாட்டு வாசனைகூடப் போகவில்லை, மேஜையில் காகிதத்தை வைத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். நாலு வருஷம் கழித்து அம்மா போனார். உயிலில் வீடு தம்பிக்கு. எனக்கு ஒரு தையல் மெஷின். அந்த மெஷினில் நூல்கூட கோக்கவில்லை இதுவரைக்கும்.

அம்மா தன் உயிலை ஆயிரம் தடவை மாற்றலாம். பெண் விட்டுக்கொடுத்ததைத் திரும்ப வாங்கமுடியாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நியாயமா, தாத்தா? அதுவும் இங்கே அம்மா உயிலில் மூத்த மகனுக்கு என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?

மருமகள் தங்கச்சி, உன்மேல் கோபமில்லை. நீதான் மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறாய், தெரியும்.

டீட்ஸ் ஆபீஸ் தாத்தா
2024 ஜூலை 22

அக்கா சொல்வது நியாயம். நான் கணக்கை மட்டும் பார்த்தேன்.

அப்படியானால் மறுபங்கீட்டு ஒப்பந்தம். வாரிசுகள் எல்லாரும் உட்கார்ந்து, யார் எதை எடுப்பது என்று பேசி எழுதுவது. வீட்டை விற்காமல், எடுப்பவர் விடுபவருக்குப் பணம் கொடுக்கலாம். சொத்துக் கணக்கோடு சேர்த்து மாஸ்டரிடம் போகும். எல்லாரும் ஒப்புக்கொண்ட பேச்சு என்பதால் யார் யாருக்கும் நன்கொடை கொடுத்ததாகாது, வாரிசு வழியில் மாறுவதால் மாற்று வரியும் கிடையாது. அத்தைக்கு வாழ்நாள் குடியிருப்பு உரிமையையும் அதில் எழுதிவைக்கலாம். மகளே, நாத்தனாரிடம் கூச்சமில்லாமல் முழுக்கதையும் சொல்லிப் பேசுங்கள்.

குற்றாலத்து மருமகள்
2025 பிப்ரவரி 9

எத்தனை மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். என்ன ஆனது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

அக்கா எழுதியதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையில் நாத்தனாரிடம் உயிலைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைத்தோமா என்றால் இல்லை, சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு பீனிக்ஸ் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் அரைமணி நேரம் நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார், கழுவியதையே மறுபடி கழுவினார். அப்புறம், "எனக்கு வீடு வேணாம் அண்ணி, என் பங்கைக் கணக்கா கொடுத்துடுங்க, அப்பா எனக்கும்தான் அப்பா" என்றார். அதில் என்ன தப்பு?

பேசி முடிந்தது இப்படி. கொழுந்தன் விட்டுக்கொடுத்தார், அவர் பங்கு அத்தைக்கு. நாத்தனார் பங்கை இவர் வாங்கிக்கொள்கிறார், 2,20,000 ரேண்டுக்கு. கூட்டிப் பார்த்தால் அத்தைக்கு 4,76,000 சொச்சம், இவருக்கு 4,53,000 சொச்சம். ஆளுக்குப் பாதி என்று வீடு இருவர் பெயரிலும் பதிவாகும். தன் பாதியை அத்தை உயிலில் இவருக்கு எழுதியிருக்கிறார், இந்த முறை நாத்தனாருக்குத் தெரிந்தே. கொழுந்தனுக்குக் குத்துவிளக்கு இரண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? செப்டம்பரில் பென்ஷன் பணத்தில் ஒரு பகுதியை முன்னாலேயே எடுக்கவிடும் இரண்டு பானைத் திட்டம் வந்ததே, இவர் பென்ஷன் சேமிப்பிலிருந்து 30,000 எடுத்தார், வரி பிடித்தது போக வந்ததைக் கொடுத்தோம். அப்பா அனுப்பிய ஏழு லட்சம் ரூபாயும் அப்படியே நாத்தனாருக்குப் போய்விட்டது. மிச்சம் மாதாமாதம். பின்கட்டில் அறை இப்போதைக்கு இல்லை. தென்காசியில் நிலம் விற்று சாட்ஸ்வொர்த் வீட்டில் பங்கு வாங்கிய கதையை அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, பாதி நம்ம வீடுதானே" என்றார் அப்புறம்.

கல்யாணத்துக்குச் சாட்சியாக டோங்காட்டிலிருந்து ஒரு பெரியம்மா வந்தார், எண்பத்துநாலு வயது. வாக்குமூலம் எழுதியவர் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, மாப்பிள்ளைக்குச் செருப்பு ஒரு சைஸ் சின்னது, நொண்டிக்கொண்டே வலம் வந்தார் என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். எக்ஸிகியூட்டர் கடிதம் அக்டோபரில் வந்தது, வேறொரு வக்கீல், 2.5 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டார். மாமனாருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கான விளம்பரம் போட்டு முப்பது நாள் முடிந்தது. இனி கணக்கு 21 நாள் பார்வைக்கு இருக்கவேண்டும், ரேட்ஸ் கிளியரன்ஸ் வாங்கவேண்டும், பிறகு மாரிட்ஸ்பர்க்கில் பதிவு. தாத்தா, உங்கள் பழைய ஆபீஸ் வழியாகத்தான் போகிறதோ என்னவோ.

உயிலில் கையெழுத்திட்ட அன்று எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கறிவேப்பிலை மரத்தடியில் நின்றோம். உள்ளே பக்கத்து வீட்டு அக்காவும் அவர் தம்பியும். அத்தை ஒவ்வொரு பக்கமாகத் தன் பெயரை முழுசாக எழுத இருபது நிமிஷம் ஆனது, இவர் பொறுமையில்லாமல் மரத்தில் பாதி இலையை உருவிவிட்டார்.

பழைய உயிலைக் கிழித்தாகிவிட்டது. பிஸ்கட் டின்னில் இப்போது புதுக் காகிதங்கள். கல்யாணப் பத்திரிகை மட்டும் இன்னும் வக்கீல் ஃபைலில் இருக்கிறது. எப்போது திருப்பித் தருவார்கள் என்று அத்தை தினமும் காலையில் கேட்கிறார். கேட்டு வாங்கும் உரிமை உண்டுதானே, தாத்தா?

டீட்ஸ் ஆபீஸ் தாத்தா
2025 பிப்ரவரி 10

உண்டு. சான்றளித்த நகலை ஃபைலில் வைத்துக்கொண்டு மூலத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே போன் பண்ணுங்கள்.